ஆமை ஏறும் கரையில் ஊரார் செய்யவேண்டியவை

மார்கழிக் கடைசியில் தொடங்கி சித்திரை வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறுகின்றன. மாசியும் பங்குனியின் முதல் பாதியும் உச்சம். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருசிகுல்யாவிலும் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறுவதுபோல இங்கே நடப்பதில்லை. நல்ல இரவில்கூட நீளமான கரை முழுக்க ஒன்றிரண்டு தடம்தான் கிடைக்கும். பல இரவுகளில் ஒன்றும் இருக்காது.

ஆமையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் ஊர் முடிவெடுத்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது முட்டையைத் தோண்டி வேலிக்குள் வைப்பது. அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலையும்கூட. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. முட்டையை எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே சிறைத் தண்டனைக்குரிய குற்றம், நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும் சரி. அனுமதியே தேவைப்படாமல் ஊர் தானாகச் செய்யக்கூடியவை மூன்று: விளக்கைக் குறைப்பது, நாயைத் தடுப்பது, வலையில் கவனம் வைப்பது. பலனும் இவற்றில்தான் அதிகம்.

விளக்கு

குழியிலிருந்து வெளியே வரும் குஞ்சு, தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல்தான். கரைப்பக்கம் மணல்மேடும் செடியும் இருட்டாக நிற்கும். தெருவிளக்கு எரிந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். குஞ்சுகள் சாலைக்கு ஏறி வண்டியில் நசுங்கும், அல்லது விடிகிற வரை மணலில் சுற்றிச் சோர்ந்து காக்கைக்கு இரையாகும். வெளிச்சம் அதிகமான கரையில் தாய் ஆமையும் ஏறத் தயங்கும்.

எந்த விளக்கு தொல்லை என்று கண்டுபிடிக்க நிலவில்லாத இரவில் அலைக்கோட்டுக்குப் போய், மணலில் குப்புறப் படுத்து ஊர்ப்பக்கம் பாருங்கள். நின்று பார்த்தால் தெரிவது வேறு. குஞ்சின் கண் தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில்தான் இருக்கிறது. பல்பு நேராகக் கண்ணில் படுகிற ஒவ்வொரு விளக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பல்பு மறைந்து அதன் வெளிச்சம் மட்டும் சுவரில் விழுந்தால் தொல்லை குறைவு. உயரமான கோபுர விளக்குதான் முதல் எதிரி.

குறித்ததை வைத்து மூன்று விதமாகச் சரிசெய்யலாம். கடலைப் பார்த்த வீட்டு விளக்குகளை இரவு பத்து மணிக்குமேல் அணைப்பது முதல் வழி. அணைக்க முடியாத தெருவிளக்குக்குக் கடல்பக்கம் தகரத்தால் மறைப்பு கட்டி, வெளிச்சம் கீழேயும் ஊர்ப்பக்கமும் மட்டும் விழும்படி செய்யலாம். வெள்ளை எல்இடியை மாற்றும் வாய்ப்பு இருந்தால் அடர் மஞ்சள் அல்லது சிவப்பு எல்இடி கேளுங்கள். அலைநீளம் 560 நானோமீட்டருக்கு மேலே இருக்க வேண்டும்; நீலம் கலந்த வெளிச்சம்தான் குஞ்சை அதிகம் இழுக்கும். வெள்ளை பல்பின்மேல் மஞ்சள் தாள் ஒட்டினால் ஓரிரு வாரத்தில் வெளுத்துப்போகும், அதை நம்பவேண்டாம்.

இது ஏப்ரலோடு முடியும் வேலை அல்ல. மார்ச் கடைசியில் இட்ட முட்டை மே நடுவில்தான் பொரியும். ஆமை ஏறுவது நின்றதும் விளக்கைப் போட்டுவிடுவதுதான் பல ஊர்களில் நடக்கும் தவறு.

விளக்கு விஷயத்தில் விடுதியோ கட்டுமானமோ ஒத்துழைக்காவிட்டால் வாய்ச்சண்டை வேண்டாம். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆமை முட்டையிடும் இடங்களை மிகுந்த பாதுகாப்புள்ள முதல் வகையில் சேர்த்திருக்கிறது. உங்கள் கரையில் எந்தத் தேதியில் எந்த இடத்தில் ஆமை ஏறியது என்ற பதிவேட்டோடு ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்மானத்தையும் இணைத்து மனு கொடுங்கள். பதிவேடு இல்லாத மனுவுக்கு எடை கிடையாது.

நாய், குப்பை, சவுக்கு

தெருநாய் ஒரு குழியைக் கண்டுபிடித்தால் ஒரே இரவில் நூறு முட்டையும் போய்விடும். அடுத்த இரவிலிருந்து அது கரையையே தேடித் திரியும். நாயை விரட்டுவதைவிட அது கரைக்கு வருகிற காரணத்தை நீக்குவது எளிது. காரணம் பெரும்பாலும் மீன்கழிவு. வலை உதறும் இடத்தில் விழும் கழிவை அன்றன்றே ஊர்ப்பக்கம் கொண்டுபோய் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வளர்ப்பு நாயை ஜனவரி முதல் மே வரை இரவில் கட்டிப் போடச் சொல்லிப் பஞ்சாயத்தில் பேசி வைப்பது நல்லது.

கரையைச் சுத்தம் செய்ய டிசம்பர் நடுப்பகுதி ஏற்ற நேரம். அறுந்த நைலான் வலை, கயிறு, பெரிய கட்டை, கவிழ்த்துப் போட்ட பழைய படகு ஆகியவை ஏறும் ஆமையின் வழியை மறிக்கும். வலைத்துண்டில் குஞ்சின் கழுத்தும் துடுப்பும் சிக்கும். கையால்தான் பொறுக்க வேண்டும். பருவம் தொடங்கியபின் டிராக்டரோ மணல் சலிக்கும் இயந்திரமோ கரையில் ஓடினால் புதைந்த முட்டை நசுங்கும். டயர் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறி வெளியே வராமல் அந்தப் பள்ளத்தோடே ஓடிக்கொண்டிருக்கும்.

அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் குப்பை என்று பிடுங்கவேண்டாம். மணல்மேட்டைப் பிடித்து வைப்பவை அவைதான். சவுக்கு வேறு விவகாரம். கடலோரம் வரை சவுக்கு வைத்தால் ஆமை ஏறும் திறந்த மணல் குறைகிறது, வேர் குழிக்குள் பாய்கிறது, நிழலால் மணல் குளிர்கிறது. புயலுக்குத் தடுப்பு வேண்டுமானால் மணல்மேட்டுக்குப் பின்னால் நடுங்கள்.

இரவு நடை

தடம் தேடி நடப்பது இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை நடக்கும் வேலை. முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவித்து, அந்தப் பகுதி வனக்காப்பாளரின் எண்ணை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இப்படி நடக்கிறது. பருவத்தில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். முதல்முறை போகிறவர்கள் இப்படிப் பழகிய குழுவோடு போவதே நல்லது.

நாலைந்து பேருக்குமேல் ஒரு குழுவில் வேண்டாம். ஈர மணலிலேயே, அலைக்குப் பக்கமாக நடங்கள். ஆமை கடலிலிருந்துதான் ஏற வேண்டும் என்பதால் தடம் கட்டாயம் உங்கள் வழியைக் குறுக்கே வெட்டும். டார்ச் பெரும்பாலும் தேவைப்படாது. பத்து நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். தேவைப்பட்டால் சிவப்பு விளக்கு. வெறுங்காலோடு போகாதீர்கள். உடைந்த பாட்டில் ஒரு காரணம், கரையொதுங்கும் கடல்பாம்பு இன்னொரு காரணம். செத்ததுபோல் கிடந்தாலும் அதைத் தொடக் கூடாது, கொடிய நஞ்சு.

பங்குனி ஆமையின் தடம் ஏறக்குறைய 70–80 சென்டிமீட்டர் அகலம். துடுப்பின் அச்சு இடமும் வலமும் மாறி மாறி விழுந்திருக்கும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒன்றாக ஊன்றி நகரும். அதன் தடம் அகலமாக, இரு பக்கமும் ஒத்ததாக இருக்கும். ஏறிய தடம் மட்டும் இருந்து இறங்கிய தடம் இல்லையென்றால் ஆமை மேலேதான் இருக்கிறது. அங்கேயே நின்று உட்கார்ந்துவிடுங்கள்.

குழி தோண்டும் கட்டத்தில்தான் ஆமை எளிதில் மிரளும். அந்த நேரத்தில் பேச்சு, வெளிச்சம், முன்னால் போய் நிற்பது ஏதாவது நடந்தால் முட்டையிடாமலே இறங்கிவிடும். பதினைந்து மீட்டராவது தள்ளி, ஆமையின் பின்பக்கமாக இருங்கள். பின்துடுப்பால் குடுவை வடிவில் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, நூறு முதல் நூற்றிருபது முட்டை வரை இடும். இடத் தொடங்கிவிட்டால் சுற்றி நடப்பதை அது அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அப்போது பின்னாலிருந்து ஊர்ந்து கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தொடவோ, படம் எடுக்கிறேன் என்று ஃபிளாஷ் போடவோ கூடாது. மூடியபின் உடம்பை இடமும் வலமும் மாற்றி மணலில் அடித்துக் கெட்டிப்படுத்தும் சத்தம் நன்றாகக் கேட்கும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இறங்கும் வழியில் யாரும் நிற்காமல் இருந்தால் போதும்.

தடம் மட்டும் இருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். ஏறித் திரும்பிய வளைவு மட்டும் இருந்து மணல் கலையாமல் இருந்தால் அது வெறும் தடம். ஏறக்குறைய ஒரு மீட்டர் வட்டத்துக்கு மணல் புரண்டு கிடந்தால் முட்டை இருக்க வாய்ப்புண்டு. கம்பியைக் குத்திப் பார்க்க வேண்டாம். ஒரு முட்டை உடைந்தால் அதில் எறும்பும் பூஞ்சையும் வந்து மற்றதையும் கெடுக்கும். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிறகு மனிதர் கண்ணில் படாதபடி தடத்தைக் காலால் கலைத்துவிடுங்கள்.

முட்டையை எப்போது நகர்த்துவது

அலை தொடாத உயரத்தில், நாய் அதிகம் வராத, இருட்டான இடத்தில் குழி இருந்தால் அதை அப்படியே விடுவதே சிறந்தது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிவலையைக் குழியின்மேல் கிடையாகப் பரப்பி, நான்கு மூலையிலும் முளை அடித்து, மேலே மணல் தள்ளி மூடினால் நாயால் தோண்ட முடியாது. வலையின் கண் 5க்கு 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதானால் குஞ்சு உள்ளேயே மாட்டும். இதையும் வனத்துறைக்குத் தெரிந்துதான் செய்ய வேண்டும்.

அலை ஏறும் இடம், நாய்க்கூட்டம் உள்ள இடம், வெளிச்சம் மாற்ற முடியாத நகரக் கரை என்றால் அனுமதி பெற்ற குழு முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு, அதாவது வேலியிட்ட காவல் இடத்துக்கு, மாற்றும். இங்கே நேரம்தான் எல்லாமே. முட்டை வெளியே வந்த சில மணி நேரத்தில் கரு மேல்பக்கம் நகர்ந்து ஓட்டின் உட்தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை உருண்டால் ஒட்டு அறுந்து கரு செத்துவிடும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது, ஐம்பது நாள் கழித்துக் கெட்ட முட்டையாகத்தான் தெரியவரும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் நகர்த்தி முடிப்பது பாதுகாப்பு. காலையில் பார்த்த பழைய தடமானால் குலுக்கி எடுத்துக்கொண்டு ஓடுவதைவிட இருக்கும் இடத்திலேயே காவல் வைப்பது மேல்.

நகர்த்துகிறவர்கள் கையில் கொசுத் தைலமோ கிருமிநாசினியோ இருக்கக் கூடாது. மண்வெட்டி வேண்டாம், விரலால் தோண்டுங்கள். எடுக்கும்போதே குழியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். புதுக்குழி அதே அளவில் இருக்க வேண்டும். பிங்பாங் பந்து அளவுள்ள முட்டைகளை ஒவ்வொன்றாக, உருட்டாமல், எண்ணிக்கொண்டே, அடியில் ஈரமணல் போட்ட துணிப்பையில் வையுங்கள். ஆட்டாமல் சுமந்து போங்கள். புதுக்குழியில் வைத்தபின் முதலில் ஈரமணல், மேலே உலர்ந்த மணல். காலால் மிதித்து இறுக்கக் கூடாது.

பொரிப்பகம்

இடம் அலைக்கு எட்டாததாக, நீர் தேங்காததாக, முழு வெயில் படுவதாக, மர வேரில்லாததாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் தள்ளி மாற்றுங்கள். அதே மணலை மறுபடி பயன்படுத்தினால் சென்ற ஆண்டின் கெட்ட முட்டையிலிருந்து வந்த பூஞ்சையும் கிருமியும் புதுக்குழியைத் தாக்கும். வேலிக் கம்பிவலையை ஓரடியாவது மணலுக்குள் புதைக்காவிட்டால் நாய் அடிவழியே புகுந்துவிடும், நண்டும் வரும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். கருக்கள் வளரும்போது தாமே வெப்பம் விடுவதால், நெருக்கி வைத்தால் சூடு கூடிவிடும்.

வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. 29–30 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டும் கலந்து வரும். குறைந்தால் ஆண், கூடினால் பெண். 34–35 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் கரு சாகும். அதனால் முட்டை இருக்கும் ஆழத்தில் வெப்பமானி வைத்துத் தினமும் காலையும் மாலையும் குறியுங்கள். ஏப்ரல் வெயிலில் 33ஐத் தாண்டத் தொடங்கினால் பச்சை நிழல்வலை கட்டலாம், மேல்மணலில் லேசாக நீர் தெளிக்கலாம். பாவமாக இருக்கிறதே என்று பிப்ரவரியிலேயே பந்தல் போட்டால் வருவதெல்லாம் ஆணாக இருக்கும்.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு பலகை: எண், இட்ட தேதி, எடுத்த இடம், முட்டைக் கணக்கு. 45ஆம் நாள் முதல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைத்து, இரவில் அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். பொரியப் போகும் குழியின்மேல் மணல் சற்றே குழிந்து தெரியும். கூடை போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் பொரிப்பகங்களில் நடக்கும் பெரிய விபத்து. அதிகாலையில் வந்த குஞ்சு ஒன்பது மணி வெயிலில் கூடைக்குள்ளேயே காய்ந்து கிடக்கும்.

குஞ்சு விடுவது

எல்லோரும் பார்க்க ஆசைப்படும் காட்சி இது, கெடுவதும் இங்கேதான். வெளியே வந்த குஞ்சு ஒரு நாள் அளவுக்கு இடைவிடாமல் நீந்தும் வேகத்தோடு வருகிறது, அதற்கு வயிற்றில் மிச்சமிருக்கும் கருவுணவுதான் எரிபொருள். வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால் அந்த நீச்சலை வாளியிலேயே செலவழித்துவிடும். முக்கிய விருந்தினர் வரும்வரை காத்திருப்பதும் அதே கேடு. வந்த இரவே, இருட்டிலேயே விட வேண்டும். காலையில் வந்ததென்றால் ஈரத்துணி மூடிய பெட்டியில் நிழலில் வைத்து மாலை இருட்டியதும் விடுங்கள்.

அலைக்கோட்டுக்கு ஐந்தாறு மீட்டர் மேலே மணலில் விட்டு, தானே நடந்து போக விடுங்கள். பார்க்க வந்தவர்கள் இருபக்கமும் கயிற்றுக்குப் பின்னால், குஞ்சின் முகத்துக்கு எதிரே யாரும் இல்லாமல் நிற்க வேண்டும். கைப்பேசி வெளிச்சம் ஒன்று இருந்தாலும் குஞ்சுகள் திரும்பி அதை நோக்கி வரும். கடைசிக் குஞ்சு அலையில் போகும்வரை யாரும் கால் நகர்த்தக் கூடாது. மணலோடு மணலாக இருக்கும் குஞ்சை மிதிப்பது அப்போதுதான். தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் அங்கே காத்திருக்கப் பழகிவிடும், இடத்தை மாற்றுங்கள். குழந்தைகள் கையில் எடுத்துப் படம் பிடிப்பதற்கு எந்த விலக்கும் வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தால் வரிசை நிற்கும்.

இரண்டு நாள் கழித்துக் குழியைத் திறந்து காலி ஓடு, பொரியாத முட்டை, உள்ளேயே செத்த குஞ்சு என்று தனித்தனியாக எண்ணுங்கள். பாதிக்குமேல் உள்ள ஓட்டை ஒன்றாகக் கணக்கிடுங்கள். பொரியாதவை ஒரே வரிசைக் குழிகளில் கூடுதலாக இருந்தால் ஈரம், வேர், வெப்பம் என்று அந்த இடத்தில் காரணம் தேடலாம். ஒரே இரவில் மாற்றிய குழிகளில் கூடுதலாக இருந்தால் சுமந்த விதத்தில் கோளாறு. எண்ணியபின் மிச்சத்தைத் தொலைவில் ஆழமாகப் புதையுங்கள்.

கடலில்

கரையில் எவ்வளவு உழைத்தாலும் பெரிய ஆமை வலையில் செத்தால் பயனில்லை. ஒரு குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வர பத்து ஆண்டுக்கும் மேலாகும். 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆமையின் உச்சப் பருவம் முடிந்தபின்தான் தொடங்குகிறது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை கரையோர நீரில் விசைப்படகு இழுக்காமல் இருப்பதுதான் உண்மையான காப்பு. இழுவலையில் பொருத்தும் ஆமை விலக்கு கருவி சாய்வான கம்பிச்சட்டம் கொண்டது. மீனும் இறாலும் கம்பி இடைவெளியில் உள்ளே போகும், ஆமை சட்டத்தில் மோதி மேலுள்ள அல்லது கீழுள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய இழுவலைகளுக்கென்றே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மீன் கொஞ்சம் தப்பும் என்று மீனவர்கள் சொல்வது வீண்பேச்சு அல்ல. அதை மறைக்காமல் பேசினால்தான் பொருத்திய கருவியின் திறப்பைக் கடலில் போய்க் கட்டி மூடாமல் இருப்பார்கள்.

நாட்டுப்படகில் திருக்கை வலை போடுகிறவர்கள் வலையை அடிக்கடி பார்க்கலாம். ஆமை உயிரோடு மாட்டியிருந்தால் துடுப்பைப் பிடித்து இழுக்காமல், ஓட்டின் இரு விளிம்பையும் பிடித்துத் தூக்கி, சிக்கலை வெட்டுங்கள். அறுந்த வலைத்துண்டு கடலில் போகக் கூடாது, கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

அசையாமல் இருக்கும் ஆமை செத்ததென்று உடனே முடிவு செய்யாதீர்கள். நீர் குடித்து மயங்கியிருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரையடி உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி விடுங்கள். மூக்குத் துவாரம் மூடக் கூடாது. நான்கு மணி முதல் ஒரு முழு நாள் வரை ஆகலாம். கண் ஓரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டால் சிலிர்க்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மல்லாக்கப் போடுவதும், தெளியுமுன் கடலில் தள்ளுவதும் சாகடிப்பதற்குச் சமம். தெளிந்தபின் படகை நிறுத்தி, வலை இல்லாத பக்கமாக இறக்கிவிடுங்கள்.

செத்து ஒதுங்கியதைப் பார்த்தால் வெறுங்கையால் தொடாமல் படம் எடுங்கள். கழுத்தோரத்திலிருந்து பின்நுனிவரை ஓட்டின் வளைவோடு நாடா வைத்து அளந்து, தேதி, நேரம், இடம், காயம் எல்லாம் எழுதுங்கள். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண், குட்டையாக இருந்தால் பெண். துடுப்பில் உலோக வில்லை இருந்தால் அந்த எண்ணைக் கட்டாயம் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்து முடித்தபின், எண்ணியது என்பதற்கு அடையாளமாக ஓட்டில் பெயின்ட் கோடு போட்டு, அலை தொடாத இடத்தில் நாலைந்து அடி ஆழத்தில் புதைக்கலாம். கோடு போடாவிட்டால் அதே உடலை அலை தள்ளித் தள்ளி மூன்று ஊரும் எண்ணும்.

பகலில்

ஆமைப் பருவத்திலேயே உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் முகத்துவார மணல்திட்டில் முட்டையிடத் தொடங்கும். கூடு என்று ஒன்றும் இருக்காது. மணலில் சிறு பள்ளம், மணல் நிறத்தில் புள்ளியிட்ட இரண்டு மூன்று முட்டை, அவ்வளவுதான். சிறகு ஒடிந்ததுபோல் ஓர் உப்புக்கொத்தி உங்கள் முன்னால் தடுமாறி ஓடினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. அது உங்களை வேறு பக்கம் இழுக்கிறது. வந்த அடிச்சுவட்டிலேயே பின்வாங்கி, ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து இருகண்நோக்கியில் பாருங்கள். பத்து நிமிடத்தில் பறவை திரும்பி வந்து அமராவிட்டால் இன்னும் தள்ளிப் போங்கள். நடுப்பகலில் தாய் எழுந்து நின்றால் சில நிமிட வெயிலிலேயே முட்டை வெந்துவிடும் என்பதால் இந்தப் பார்வையைக் காலை எட்டு மணிக்குமுன் முடித்துக்கொள்வது நல்லது.